1979 வெபர் கெட்டில்: இன்றும் கோழி சுடும் கரி அடுப்பு

வெபர் கம்பெனியின் கெட்டில் என்கிற, மூடி போட்ட உருண்டையான கரி அடுப்பை மூன்று வருடம் தேடினேன். போன ஜூனில் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் ஒரு கராஜ் சேலில் (வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது), பழைய சைக்கிள்களுக்குப் பின்னால் காபிக்கொட்டை நிறத்தில் வளைந்த மூடி ஒன்று தெரிந்தது. மூடியின் காற்றுத் துளைத் தகட்டை விரலால் துடைத்தேன். 'ஏ' என்ற எழுத்து! எந்த வருடம் செய்தது என்று காட்டும் எழுத்தை வெபர் பொறிக்க ஆரம்பித்தது 1979-இல். அந்த வருடத்துக்குத்தான் 'ஏ'. 40 டாலர் கேட்டார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

இந்த அடுப்பு பிறந்ததும் சிகாகோவில்தான். 1952-இல் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் மிதவைக்கான இரும்பு உருண்டையைப் பாதியாக வெட்டிச் செய்தார். கீழ்ப்பாதி சட்டி, மேல்பாதி மூடி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி மூடியின் உள்பக்கத்தைப் பார்த்து, "பெயிண்ட் உரியுதுங்க, இதிலயா சமைக்கப் போறீங்க?" என்றாள். அது பெயிண்ட் இல்லை, வருடக்கணக்கில் கருகிப்போன கொழுப்பு. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, வெந்நீரில் தேய்த்தேன். செதில் செதிலாக வந்தது. அடியில் எனாமல் புதுசு மாதிரி பளபளத்தது.

வாங்குகிறவர்கள் எழுத்தைவிட அடிப்பகுதியைப் பாருங்கள். இதற்கு முன் படத்தை மட்டும் நம்பி ஒருவரிடம் ஒன்று வாங்கினேன். ஈரச் சாம்பல் கிடந்து கிடந்து அடி துருப்பிடித்திருந்தது. விரலால் அழுத்தியதும் ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து கம்பித் தட்டைத் தூக்கி, சாம்பலை ஒதுக்கி, அடியை அழுத்திப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

சரி, சமையல்? கரியை ஒரு ஓரமாகக் குவித்து, மிளகு, சீரகம், இஞ்சி பூண்டு தடவிய கோழிக்காலை மறு ஓரத்தில் வைத்து மூடினால் முக்கால் மணி நேரத்தில் தோல் மொறுமொறுப்பாகிவிடும், உள்ளே சாறு வற்றாது. அடியில் மூன்று காற்றுத் துளைகள். பிந்தைய மாடல்களில் ஒரே கைப்பிடி மூன்றையும் நகர்த்தும். இதில் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. மூடி அவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது; சமைத்ததும் எல்லாத் துளைகளையும் அடைத்தால் நெருப்பு தானாக அணைந்து, மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகிறது.

அடுத்து மஞ்சள் நிறத்தில் ஒன்று தேடுகிறேன். அது கிடைப்பது ரொம்ப அரிது. எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், அன்றைக்கே வண்டியை எடுத்துவிடுவேன்.