தொற்றுநோய்க்கு ஊரடங்கா, முன்கூட்டியே செய்யும் செலவா?

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது போச்சம்பள்ளி பக்கம் மாமரங்களில் காய் பிடித்திருந்தது. மே தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் எங்கள் கிருஷ்ணகிரிதான், அதனால் ஊரடங்கு பலன் தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது யார்? ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்குப் போனவர்கள், மாங்கூழ் ஆலைக்குக் காய் ஏற்றுகிறவர்கள், அன்றன்று சம்பாதித்தால்தான் அடுப்பெரியும் வீடுகள்.

இன்னொரு வழி, பரிசோதனைக்கூடம், செவிலியர், தாலுகா மருத்துவமனையில் ஆக்சிஜன் என்று எல்லாவற்றையும் முன்பே தயாராக வைத்து, தடுப்பூசி வந்ததும் வீடு வீடாகக் கொண்டுபோவது. நோய் வராத வருடம் இது வீண் செலவு மாதிரி தெரியும், சரி. ஆனால் 2021 மார்ச்சில் தனியார் மருத்துவமனையில் ஒரு தவணை தடுப்பூசிக்கு உச்ச விலை 250 ரூபாய். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு அதே ஆண்டு நிர்ணயித்த கருணைத்தொகை 50,000 ரூபாய். அந்த 50,000தான் ஓர் உயிரின் மதிப்பு என்று யாராவது கணக்குப் போட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

நான் இரண்டாவது வழியின் பக்கம். ஊரடங்கு தவிர்க்கவே முடியாது என்றால், அரிசியும் கூலிப் பணமும் முதல் நாளே வீட்டுக்கு வரட்டும், அப்புறம் கதவை அடைக்கச் சொல்லுங்கள்.