ஈயப் பெயின்ட்: சுரண்டுவதா, மூடுவதா?

பழைய பெயின்டில் நச்சு உலோகமான ஈயம் இருப்பது சோதனையில் உறுதியானால் இரண்டு வழி: சுரண்டி எடுக்கலாம், அல்லது அதற்கென்றே வரும் கெட்டிப் பூச்சால் மூடிவிடலாம். சாதாரண எமல்ஷன் இரண்டு கோட் அடிப்பது மூடுவதாகாது.

சுரண்டினால் ஈயம் வீட்டைவிட்டே போய்விடும். ஆனால் வேலை நடக்கும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. உப்புத்தாளால் உலரத் தேய்த்தால், கண்ணுக்கே தெரியாத தூசி வீடு முழுக்கப் படியும். தண்ணீர் தெளித்து, ஈரம் காயுமுன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். சுவரிலிருந்து குறைந்தது 6 அடிக்குக் கனமான பாலித்தீன் விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். பெயின்டைச் சூடாக்கி இளக்கும் ஹீட் கன் கருவியின் சூடு சுமார் 590 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஈயப்புகை கிளம்பும். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பி ஊதும்; நுண்தூசியையும் பிடித்து வைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். துணி மாஸ்க்கும் உதவாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இறுதிச் சுத்தம் முடியும்வரை வேறிடத்தில் இருக்கட்டும்.

மூடுவதில் தூசி குறைவு, செலவும் குறைவு. அடியில் உள்ள பெயின்ட் பிடிப்பாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். பிளேடால் பெருக்கல் குறி கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள்; செதில் கூடவே வந்தால் அங்கே மூடுவது வீண். ஈரம் கசியும் சுவரிலும் கொப்பளித்து உரியும்.

உறுதியான சுவருக்கும் கூரைக்கும் மூடுவதே நல்லது. கதவு, ஜன்னல் விளிம்புகளுக்கு வேண்டாம்: திறந்து மூடும்போதெல்லாம் உரசி, ஈயத்தூள் ஜன்னல் திட்டில் சேரும். குழந்தையின் கை போகும் உயரம் அது.