ஒற்றை உடலா, கேட்டமரானா: நெடும்பயணப் பாய்மரப் படகின் வேகமும் நிலைப்பும்

ஒற்றை உடல் படகா, இரண்டு உடல்களை இணைத்த கேட்டமரானா என்று ஒப்பிடும்போது, எது குறைவாகச் சாயும் என்பதைவிட, எந்தச் சாய்வில் எவ்வளவு நிமிர்த்தும் விசை மிஞ்சும் என்று பார்ப்பதே சரி.

நிலைப்பு
ஒற்றை உடல்: கீலில் (படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் பகுதி) ஈயமோ இரும்போ, பெரும்பாலும் மொத்த எடையில் 30–40%. எளிதில் 15–20 பாகை சாயும். சாயச் சாயக் கீலின் எடை இழுத்துப் பிடிக்கும். நல்ல நெடுங்கடல் படகில் 120 பாகை வரை அந்த விசை தீராது.
கேட்டமரான் (பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, வடிவம் வேறு): நிலைப்பு அகலத்திலிருந்து வருகிறது. ஓர் உடல் நீரைவிட்டு எழும் தறுவாயில், சுமார் 10 பாகையிலேயே விசை உச்சம் தொடும். பிறகு இறக்கம்தான். கவிழ்ந்தால் தானாக நிமிராது.

பலர் தவறுவது இங்கேதான். ஒற்றை உடல் சாய்ந்து எச்சரிக்கும். கேட்டமரான் சாயாமலே தாங்கிக்கொண்டிருக்கும். காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 21 ஆனால் ஏறக்குறைய இரட்டிப்பு. எனவே அதில் காற்றுமானியைப் பார்த்தே பாயைச் சுருக்க வேண்டும். சராசரியை அல்ல, வீச்சின் உச்சத்தைக் கணக்கில் வைத்து.

வேகம்
ஒற்றை உடல்: வேக வரம்பை நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் உடலின் நீளம்) தீர்மானிக்கும். அது 36 அடி என்றால் அதன் வர்க்கமூலம் 6 × 1.34, சுமார் 8 நாட்.
கேட்டமரான்: ஒடுங்கிய உடல்கள் இந்த வரம்பைத் தாண்டும். தண்ணீர், டீசல், மூட்டைமுடிச்சு ஏற்றினால் அந்த வேகம் போய்விடும். இரு உடல்களையும் இணைக்கும் நடுத்தளம் தாழ்வாக இருந்தால் அதன் அடியில் அலை அறையும்.

எதிர்காற்று
ஒற்றை உடல் முந்தும். குட்டைக் கீல் கேட்டமரான் பக்கவாட்டில் நழுவும். நழுவலைத் தடுக்க நீருக்குள் இறக்கும் பலகை இருந்தால் பரவாயில்லை.

சுமை அதிகம், எதிர்காற்றுப் பாதை என்றால் ஒற்றை உடல். பின்காற்று, ஆழமற்ற நங்கூரமிடங்கள், ஆடாத சமையலறை வேண்டும் என்றால் கேட்டமரான்.