கூடாரமா, போர்ட்டா கேபினா? டெல்லியின் இரவுத் தங்குமிடங்கள்

2009 டிசம்பர். டெல்லி பூசா சாலையில், வீடற்றவர்கள் தங்கியிருந்த கூடாரத்தை மாநகராட்சி பிரித்துப் போட்டது. கடுங்குளிரில் அவர்கள் மீண்டும் நடைபாதைக்கு வந்தார்கள். பிறகு நீதிமன்றங்கள் தலையிட்டன, தங்குமிடங்கள் பெருகின. இன்று டெல்லியில் கட்டடங்கள் தவிர இரண்டு வகைத் தற்காலிகத் தங்குமிடங்கள் உண்டு: குளிர்காலக் கூடாரம், தகரச் சுவர் கொண்ட போர்ட்டா கேபின்.

கூடாரத்தின் பலம் வேகமும் இடமும். மேம்பாலத்தின் அடியிலோ, எய்ம்ஸ் மருத்துவமனை வாசலிலோ சில மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய டெல்லிச் சந்தையில் விடியற்காலையில் மூட்டை தூக்குகிறவருக்கு, பத்துக் கிலோமீட்டர் தள்ளி நல்ல கட்டில் கொடுத்து என்ன பயன்? அங்கே போய்ப் படுத்தால் மறுநாள் கூலி போய்விடும். ஆனால் கூடாரத்துக்குப் பூட்டக் கதவு இல்லை. துணி தீப்பிடித்தால் தப்பிக்க நேரமும் இல்லை. தரையை உயர்த்தாமல் பாயை மட்டும் விரித்தால் ஈரம் உடம்புக்குள் ஏறும்.

கேபினில் கதவு, தாழ்ப்பாள், விளக்கு, மின்விசிறி எல்லாம் உண்டு. ஆண்டு முழுவதும் நிற்கும். மே மாத வெயிலில் தகரம் காய்ந்து அடுப்பாகிவிடுவதுதான் அதன் பெரிய குறை. இன்னொன்று இட நெருக்கடி. மத்திய அரசின் திட்ட விதி ஆளுக்கு 50 சதுர அடி என்கிறது. அதன்படி 500 சதுர அடிக் கேபினில் பத்துப் பேர்தான் படுக்கலாம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கேபின்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பூட்ட முடியாத இடத்தில் ஒரு தாய் கண் மூட மாட்டாள். வேலைத்தலத்துக்கு அருகே ஆண்கள் தங்க, குளிர்காலத்துக்குக் கூடாரம் போதும். ஆனால் உயர்த்திய தரையும், கூப்பிடு தூரத்தில் கழிப்பறையும், தீயணைப்புக் கருவியும் இருந்தே ஆக வேண்டும்.

எதை அமைத்தாலும் இடம் முக்கியம். 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் (கடல் மட்டத்திலிருந்து) 208.66 மீட்டருக்கு உயர்ந்தபோது, கரையோரத் தங்குமிடங்களில் இருந்தவர்களை அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. கூடாரம் போடும் அரசின் குளிர்காலத் திட்டம் மார்ச் நடுவில் முடிகிறது, கூடாரங்கள் கழற்றப்படுகின்றன. அன்றிரவு அங்கிருந்தவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதையும் கூடாரம் போடும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.