காலி கோட்டைக்குள் தங்க: பழைய வீடா, அமங்கல்லாவா?

இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலி (Galle) நகரின் பழைய கோட்டைக்குள் ஓரிரு இரவு தங்க நினைக்கிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. சர்ச் வீதியில் அமங்கல்லா இருக்கிறது; பெரிய ஹோட்டல், பெரிய பெயர், அதற்கேற்ற விலை. அங்கிருந்து சில நிமிட நடையில் லெயின் பான் வீதியிலும் பெட்லர் வீதியிலும் குடும்பங்கள் நடத்தும் பழைய வீடுகள். அறையும் காலைச் சாப்பாடும் தருவார்கள். சரித்திரம் வேண்டுமென்றால் வீட்டுக்குப் போ, சொகுசு வேண்டுமென்றால் ஹோட்டலுக்குப் போ என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். காலியில் அந்தக் கணக்கு சரிவராது.

சரித்திரத்தில் ஹோட்டல் ஒன்றும் குறைந்ததில்லை. ஒல்லாந்த (டச்சு) தளபதிகளுக்காக 1684இல் எழுந்த கட்டடம் அது. 1860களில் நியூ ஓரியண்டல் ஹோட்டல் ஆனது. கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் அப்போது நிலக்கரி ஏற்றக் காலியில்தான் நின்றன. இறங்கிய பயணிகளுக்குப் படுக்க இடம் வேண்டியிருந்தது. பிறகு கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டியதும் கப்பல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன, காலி ஓய்ந்துபோனது. வியாபாரம் படுத்ததால்தான் பழைய வீடுகளை இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் வரவில்லை என்று நினைக்கிறேன். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை ஏறியதில் அந்த மந்தகாலத்துக்கும் பங்குண்டு.

ஆக, ஹோட்டலில் காசு கொடுத்து வாங்குவது இடத்தையும் அமைதியையும். அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை, அகலப் பலகை பாவிய தரை, வீதியைப் பார்த்த நீண்ட விறாந்தை, பின்னால் தோட்டமும் நீச்சல் குளமும். அறைகள் குறைவு என்பதால் சந்தடியே இராது. ஆனால் ஓர் இரவுக்குப் பல நூறு டாலர். அந்தக் காசில் ஒரு குடும்பம் வீட்டு விடுதியில் பல நாள் இருந்துவிட்டு வரலாம்.

இனி வீடுகள். சுவர் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும். கை வைத்தால் நடுப்பகலிலும் குளிர்ச்சி. உள்ளே நடுமுற்றம், அதைச் சுற்றி அறைகள், மேலே அரைவட்ட ஓடு. தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் அதே சுவர் ஈரம் கோர்த்து, அலுமாரியைத் திறந்தால் பூஞ்சை மணக்கும். குளியலறை பிற்காலத்தில் ஒட்டவைத்தது, சிலதில் குனிந்துதான் நுழைய வேண்டும். மாடிப்படி செங்குத்து. லிஃப்ட் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அந்த வீடுகளில் நினைத்தபடி கைவைக்க முடியாது. பக்கத்து அறைக்காரர் இருமினால் உங்களுக்குக் கேட்கும். வெளிச்சவீட்டு (கலங்கரை விளக்கம்) பக்கம் அறை எடுத்தால் விடியற்காலையில் பள்ளிவாசல் பாங்குக்கு விழிப்பீர்கள். அந்தப் பள்ளிவாசலைத் தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றுதான் நினைப்பீர்கள், முகப்பு அப்படி.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு வீட்டுக்குத்தான். காரணம் சாப்பாட்டு மேசை. கோட்டைக்குள் கணிசமானவர்கள் முஸ்லிம்கள்; வீட்டில் பேசுவது தமிழ். காலையில் ஆவி பறக்க இடியப்பம், சொதி, பருப்பு, இடித்த தேங்காய்ச் சம்பல். தட்டு காலியாகும் முன்னமே "இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று குரல் வரும். முதல் நாள் சொல்லிவைத்தால் வட்டிலாப்பமும் கிடைக்கலாம். சுனாமி அன்று மதிலுக்கு வெளியே பஸ் நிலையப் பக்கம் என்ன நடந்தது, உள்ளே எப்படித் தப்பினோம் என்று கண்ணால் கண்டவர்கள் சொல்வதை வரவேற்பு மேசையில் கேட்க முடியாது. காலியில் தமிழுக்கு வயது கொஞ்சமில்லை: 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த கல்வெட்டு 1911இல் கிடைத்தது இந்த ஊரில்தான். கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த வீடுகள் பலவற்றில் மது கூடாது. அது முக்கியமென்றால் முன்னமே கேட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய பொறி இன்னொன்று. வெளியூர்க்காரர்கள் வாங்கி, வெள்ளையடித்து, 'பூட்டிக்' என்று பலகை மாட்டிய வீடுகளும் அதே வீதிகளில் இருக்கின்றன. அங்கே குடும்பம் கிடையாது; சம்பளத்துக்கு இருக்கும் பையன் சாவியைத் தருவான். வீட்டின் இடநெருக்கடியும் ஹோட்டலின் அந்நியமும் சேர்ந்த இடத்துக்கு அவ்வளவு வாடகை கொடுக்க எனக்கு மனம் வராது. அதற்கு அமங்கல்லாவே மேல்.

முழங்கால் வலிக்கும் அம்மா அப்பாவோடு போகிறீர்கள், கையில் காசும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஹோட்டலுக்குப் போங்கள், கீழ்த்தள அறை கேளுங்கள். புதுமணத் தம்பதிகளுக்கும் அதுவே சரி. இருமல் கேட்கும் வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை? மற்றவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டு, மாலையில் ஹோட்டல் விறாந்தையில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். பக்கத்திலேயே 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம்; அதையும் பார்த்துவிடலாம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டுக் கூட்டம் அதிகம், விலையும் ஏறும். இணையத்தில் பதிவதற்கு முன் வீட்டுக்கு நேரே போன் போட்டு, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் விலையும் கொஞ்சம் இறங்கக்கூடும்.