கப்பலைப் பிடிப்பதா, லண்டனுக்குப் போவதா?

தூத்துக்குடியில் ஒரு கப்பலுக்கு அரிசி, காய்கறி, குடிநீர், கொஞ்சம் பங்கர் எண்ணெய் (கப்பலுக்கான எரிபொருள்) எல்லாம் ஏற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் 40 லட்சம் ரூபாய். 30 நாளில் வர வேண்டிய பணம் 90 நாளாகியும் வரவில்லை. அதே கப்பல் அடுத்த வாரம் மறுபடி வருவதாக ஏஜென்ட் சொல்கிறார். இப்போது கையில் இரண்டு வழி: உயர் நீதிமன்றத்துக்குப் போய் கப்பலையே சிறைபிடிக்க, அதாவது துறைமுகத்தை விட்டு நகராமல் நிறுத்திவைக்கக் கேட்பது, அல்லது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் லண்டனிலோ சிங்கப்பூரிலோ ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் தீர்ப்பு.

“எழுதியிருந்தால்” என்பது முக்கியம். கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் லண்டனில் ஆர்பிட்ரேஷன் என்ற ஷரத்து சர்வசாதாரணம். சாதாரண சப்ளை பில்லில் அப்படி ஒரு ஷரத்தே இல்லையென்றால் லண்டன் பேச்சுக்கே இடமில்லை.

இருக்கிறது என்றே கொள்வோம். லண்டன் கடல்சார் நடுவர்கள் சங்கம் 1960-இல் தொடங்கியது. உலகத்துக் கப்பல் தகராறுகளில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. சின்னத் தொகைகளுக்கு அவர்களிடம் ஒரு எளிய நடைமுறையும் உண்டு: ஒரே நடுவர், பெரும்பாலும் காகிதங்களைப் பார்த்தே தீர்ப்பு, நடுவரின் கட்டணம் முன்கூட்டியே நிர்ணயம். கப்பல் தொழில் தெரிந்த ஆட்கள் என்பதால் வாடகைக் கணக்கு, தாமதக் கட்டணம் போன்ற நுணுக்கங்களை அவர்களுக்கு அரிச்சுவடியிலிருந்து விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கை இருப்பதால் அந்தத் தீர்ப்பை இந்தியா உட்பட ஏகப்பட்ட நாடுகளில் அமல்படுத்தக் கேட்கலாம்.

சரி, எதை வைத்து அமல்படுத்துவது? எதிராளி லைபீரியாவிலோ மார்ஷல் தீவுகளிலோ பதிவான கம்பெனி. அதன் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அந்தக் கப்பல். தீர்ப்பு வருவதற்குள் அது கைமாறியிருந்தால், உங்களிடம் இருப்பது அழகாக டைப் செய்த ஒரு காகிதம்தான்.

சிறைபிடிப்பின் பலம் அங்கே இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி (கடல்சார் வழக்குகளுக்கான) சட்டம், 1840, 1861 காலத்து வெள்ளைக்காரர் சட்டங்களைத் தூக்கிவிட்டு வந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தாவோடு கேரளா, கர்நாடகா, குஜராத், ஒடிசா போன்ற கடலோர மாநில உயர் நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் உண்டு. பங்கரும் உணவுப்பொருளும் சட்டத்தின் கோரிக்கைப் பட்டியலிலேயே இருக்கின்றன. முதலாளி யாரென்று தேடி நோட்டீஸ் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவு கிடைக்கும். அது துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கப்பல் நகராது. ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு எவ்வளவு நஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே வங்கி உத்தரவாதம் வந்துவிடுகிறது.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாதே! ஜூலையில் கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்ற எம்எஸ்சி அகிடேட்டா 2 என்ற இன்னொரு கப்பலைச் சிறைபிடிக்கக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கப்பலின் கடனுக்கு அதே முதலாளியின் இன்னொரு கப்பலைப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பிறகு கப்பலை விடுவிக்கக் கட்ட வேண்டிய பிணைத்தொகை 1,227.62 கோடி ரூபாய் என்று நிர்ணயமானது. அரசுக்கு மட்டுமான ஆயுதம் என்று நினைக்க வேண்டாம். அதே விபத்தில் முந்திரி இறக்குமதியாளர்களின் சுமார் 6 கோடி ரூபாய்க் கோரிக்கைக்காகவும் எம்எஸ்சி மானசா எஃப் என்ற கப்பலைப் பிடிக்க உத்தரவு வந்தது.

அப்படியானால் எப்போதும் சிறைபிடிப்புதானா? இல்லை. உங்கள் டெலிவரி ரசீதைப் பாருங்கள். “சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) கணக்கில்” என்றோ “கப்பல் மேல் உரிமை இல்லை” என்றோ கேப்டன் ஒரு முத்திரை குத்தியிருக்கிறாரா? ஆர்டர் கொடுத்தது முதலாளியா, வாடகைக்கு எடுத்தவரா? ஜியோவேவ் கமாண்டர் என்ற கப்பலைப் பற்றிய வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தோண்டியது. கடன் வாடகைக்கு எடுத்தவருடையது, கப்பல் இன்னொருவருடையது. எனவே சிறைபிடிப்பு நிற்கவில்லை. தப்பான கப்பலைப் பிடித்தால் நஷ்டஈடு தருவதாக உறுதிமொழி எழுதித்தரச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும்.

இன்னொன்று, வரிசை. கப்பல் ஏலத்துக்குப் போனால் மாலுமிகளின் சம்பளம், உயிரிழப்புக்கான இழப்பீடு, ஆபத்தில் சிக்கிய கப்பலை மீட்டவர்களின் கூலி, துறைமுகக் கட்டணம் போன்றவை முதலில். அடுத்து கப்பலை அடமானம் பிடித்த வங்கி. அதற்கும் பின்னால்தான் நீங்கள். கடனில் மூழ்கிய முதலாளியென்றால் கடைசி வரிசைக்கு எதுவும் மிஞ்சாது. மாலுமிகளுக்கோ இதைவிட நல்ல வழி கிடையாது. சம்பளத்துக்காக அவர்களை லண்டனுக்கு அனுப்புவது வேடிக்கை.

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துச் சிரிப்பவர் வருமான வரி அதிகாரி. எப்போதாவது வந்து போகும் வெளிநாட்டுக் கப்பல் இங்கிருந்து சரக்கு ஏற்றினால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 172-ஆம் பிரிவு சரக்குக் கட்டணத்தில் 7.5 சதவீதத்தைக் கப்பலின் வருமானமாக எடுத்துக்கொண்டு அதன் மேல் வரி போட்டது. வரி கட்டாமலோ அதற்கு ஏற்பாடு செய்யாமலோ துறைமுகம் விட்டுப் புறப்பட அனுமதி கிடையாது. வழக்கு, வக்கீல் எதுவும் வேண்டாம். இரட்டை வரி ஒப்பந்தம் உள்ள நாட்டுக் கம்பெனிகள் பலவும் விலக்குக் காட்டித் தப்பிவிடும் என்பது வேறு விஷயம்.

நம் 40 லட்சத்துக்கு வருவோம். ரசீதில் முத்திரை இல்லை, ஆர்டர் முதலாளியுடையது, கப்பல் வருகிறது என்றால் நான் சிறைபிடிப்பைத்தான் எடுப்பேன். ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் இரண்டையும் இணைக்க முடியும். வெறும் பிணைக்காக மட்டும் கப்பலைப் பிடிக்கக்கூடாது என்று மும்பை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2007-இல் சொன்னது. ஆனால் கோரிக்கையின் மேல் முறையாக வழக்குப் போட்டு, அப்புறம் ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பினால் கட்டிய பிணையை நீதிமன்றம் வைத்துக்கொள்ளலாம். லண்டன் நடுவர் நிதானமாக எழுதட்டும்; வங்கி உத்தரவாதம் இங்கே பத்திரமாக இருக்கும்.