வேலைப் பட்டியலுக்கு ஆக்சஸ் போதும்

ஏற்கெனவே ஆபீஸோடு, தகவல்களை டேபிள்களாகச் சேமிக்கிற மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இருக்கிறதா? அப்படியானால் சின்ன அலுவலகத்தின் வேலைகளைக் கண்காணிக்க இன்னொரு செயலிக்குச் சந்தா கட்டுவது தண்டம். வேலைகளுக்கு ஒரு டேபிள், ஆட்களுக்கு ஒரு டேபிள், இரண்டையும் ஐடி வைத்து இணைத்தால் பாதி முடிந்தது. அப்புறம் கெடு தேதி தாண்டியும் முடியாத வேலைகளை மட்டும் எடுக்கிற குவெரி (தேடல் கட்டளை) ஒன்று எழுதி, அதை ஒரு ஃபார்மில் (தகவலைக் காட்டும் திரை) காட்டி, நிபந்தனைப்படி நிறம் மாற்றுகிற கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் சிவப்பும் கொடுத்துவிட்டால், இழுத்தடிக்கிற வேலையெல்லாம் காலையில் திறந்ததுமே முகத்தில் அறையும். நாலைந்து பேர் பயன்படுத்துவதென்றால் டேபிள்களைத் தனி ஃபைலாகப் பிரித்து ஷேர்டு ஃபோல்டரில் போட்டு, ஃபார்ம்கள் உள்ள ஃபைலை அவரவர் கணினியில் வையுங்கள். எல்லாம் அடங்கிய ஒரே ஃபைலை எல்லாரும் திறப்பது வம்பு. ஒரு ஃபைலுக்கு 2 ஜிபி வரம்பு உண்டு, ஸ்கேன் படங்களை உள்ளே திணிக்காதவரை அது தாராளம். மேக்கில் ஓடாது. வெளியே சுற்றுகிற சேல்ஸ் ஆட்கள் மொபைலில் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.